பூரணம் மெஸ்ஸுக்கு மாஸ்டர் தேவை

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு வலசைக்குறிச்சி பூரணம் மெஸ்ஸின் அடுப்படியில் பரோட்டா மாஸ்டர் ஆவுடையப்பனைச் சீனிச்சாமி அடித்துக் கொன்றான். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ஆவுடையப்பன் வழக்கம்போல வேலைக்கு வந்து பரோட்டாக் கல்லுக்கு அடியில் தீயைப் பற்றவைத்தார்.

மெஸ்ஸின் முதலாளி பூரணத்தாய்க்கு அப்போது நாற்பத்தொன்பது வயது. கோவில்பட்டி சாலையில் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு இட்லி அவித்து விற்க ஆரம்பித்து, லாரிக்காரர்கள் நிற்க, பஸ்காரர்கள் நிற்க, கொட்டகை ஓடாகி, ஓடு கான்கிரீட்டாகி, கடைசியில் அந்த வழியில் போகிற எவனும் பூரணம் மெஸ்ஸில் பரோட்டா தின்னாமல் ஊரைத் தாண்ட மாட்டான் என்கிற அளவுக்கு வந்திருந்தாள். சீனிச்சாமி அவளுடைய தம்பி. அம்மா பட்டாசுக் கொட்டகை வெடிப்பில் செத்துப்போனபோது அவனுக்கு மூன்று வயது, அவளுக்குப் பதினைந்து. இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். கல்லாவில் உட்காருவான், கணக்காகப் பேசுவான், ஆனால் கோபம் வந்தால் கைதான் முதலில் போகும். அவன் யாரை அடித்தாலும் அடிபட்டவன் வீட்டுக்கு ஒரு பார்சல் பிரியாணியோடு போய், "சின்னப் பய, விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வருவது பூரணத்தாயின் வேலையாக இருந்தது. சின்னப் பயலுக்கு முப்பத்தேழு வயது.

ஆவுடையப்பன் சங்கரன்கோவில் பக்கத்து ஆள். பதினாலு மாதமாக ஒரு நாள்கூட ஊருக்குப் போகாமல் கல்லு முன்னால் நின்றவர். அவர் மனைவி கோமதிக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்திருந்தார்கள். எட்டு நாள் லீவு வேண்டும் என்று ஒரு மாதத்துக்கு முன்பே கேட்டார். "ஆகட்டும் அண்ணாச்சி, மாத்து ஆள் கிடைச்சதும் போயிட்டு வாங்க" என்றாள் பூரணத்தாய். சொன்னாளே தவிர மாத்து ஆளைத் தேடவில்லை. வாரச்சந்தை வரும், முகூர்த்தம் வரும், அமாவாசை வரும், ஒவ்வொரு தடவையும் இது போகட்டும் இது போகட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தாள். அந்த வியாழக்கிழமை, சந்தைக் கூட்டம் வாசலில் நிற்கிறபோது, ஆவுடையப்பன் பிசைந்த மாவை ஈரத்துணியால் மூடிவிட்டுக் கையைக் கழுவினார்.

"அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போறேன் தாயி. நாளைக்கு அவளுக்கு ஆபரேஷன்."

"சந்தை நாளாப் பாத்து மாவைப் பிசைஞ்சு வச்சுட்டுப் போறியா? எங்க போறேன்னு பாக்கேன்" என்று சீனிச்சாமி கல்லாவை விட்டு எழுந்து வந்தான்.

"தம்பி, வழிய விடுங்க."

கொத்து பரோட்டா கொத்துகிற இரும்புத் தகடு ஒன்று கல்லின் ஓரத்தில் கிடந்தது. முதல் அடி பிடரியில் விழுந்தது, திரும்பிப் பார்த்த முகத்தில் இரண்டாவது அடி. மூன்றாவதை எண்ணப் பூரணத்தாய் அங்கே நிற்கவில்லை. முன்னால் ஓடி, சாப்பிட வந்தவர்களைப் பார்த்து, "கேஸ் கசியுது, எல்லாரும் வெளிய போங்க" என்று கத்தி, ஷட்டரை இழுத்துவிட்டாள். திரும்பி வந்தபோது ஆவுடையப்பன் மாவின் மேல் குப்புறக் கிடந்தார், மாவு அவரைக் குடித்துச் சிவந்திருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கி வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் படுக்கவைத்தார்கள். தரையைக் கழுவினாள். மாவை அள்ளிச் சாக்கில் கட்டினாள். அவளுடைய கை அதையெல்லாம் அவளைக் கேட்காமலேயே செய்தது.

மறுநாள் காலையில் அவரே எழுந்து வந்துவிட்டதால் அதற்கு மேல் என்ன செய்வது என்று அக்காவுக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை.

பிடரி பிளந்திருந்தது. இடது கண் மூடியிருந்தது. ரத்தம் வரவில்லை, காயம் ஆறவும் இல்லை. அறுத்து வைத்த பப்பாளி மாதிரி அப்படியே திறந்து கிடந்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கல்லு முன்னால் நின்றார். கல் காய்ந்ததும் இரண்டு கையிலும் இரண்டு தகடு எடுத்து, வெறும் கல்லின் மேல் கொத்த ஆரம்பித்தார். பரோட்டா இல்லை, முட்டை இல்லை, வெங்காயம் இல்லை. வெறும் இரும்பு வெறும் இரும்பின் மேல் விழுந்தது. அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மாரியம்மன் கோவிலைத் தாண்டி, கண்மாய்க்கரை வரைக்கும் கேட்டது. பேசினால் பதில் இல்லை. பக்கத்தில் போனால் தகட்டின் பட்டையால் அடித்தார். இட்லி ஊற்றுகிற ராக்கம்மாளுக்கு முழங்கை வீங்கிப்போனது, அவள் அன்றைக்கே கணக்கு முடித்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை மத்தியானம் சீனிச்சாமியால் அந்தச் சத்தத்தைப் பொறுக்க முடியவில்லை. விறகுக்கட்டையை எடுத்துவந்து, ஊர் பார்க்க, பின்னாலிருந்து அடித்தான். தோள் எலும்பு உடைந்த சத்தம் எதிர்த்த டீக்கடை வரைக்கும் கேட்டது. ஆவுடையப்பன் விழுந்தார். ஊரே ஓடிவந்தது, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள், ஒருத்தர் மயங்கி விழுந்தார், இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கி ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் நாடி பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு, அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் நடந்து, ஒரு தோள் தொங்க, ஆவுடையப்பன் வேலைக்கு வந்தார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ஏம்மா, ஆள் வேலைக்கு வந்து நிக்கான். நான் என்னன்னு எஃப்.ஐ.ஆர். போட? பிடரியில அந்தக் காயம் முதல்ல எப்படி வந்துச்சு, நீ பாத்தியா?"

"வழுக்கி விழுந்தாரு சார்" என்றாள் பூரணத்தாய்.

"சரி. அப்ப உடம்பு சரியில்லாத ஆளு. லீவு குடுத்து அனுப்பு" என்றார், ஜீப்பில் ஏறிப் போனார்.

ஒரு வாரத்துக்குள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. செத்தார் என்றோ கொன்றான் என்றோ எவரும் சொல்லவில்லை; அந்த வார்த்தையே அந்த ஊரில் பிறக்காத மாதிரி, "மாஸ்டருக்கு ஒரு இது ஆயிப்போச்சு" என்றார்கள். காலையில் கல் சத்தம் கேட்டதும் பிள்ளைகளை எழுப்பினார்கள், மத்தியானம் சத்தம் வேகமெடுத்ததும் உலை வைத்தார்கள். பஸ் டிரைவர்கள் மெஸ் முன்னால் இரண்டு நிமிஷம் நிறுத்தி, "இடது பக்கம் பாருங்க" என்று பயணிகளுக்குக் காட்டினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் டீ குடித்தார்கள், டீ குடித்தவர்கள் வடை தின்றார்கள், எதிர்த்த டீக்கடைப் பிச்சைக்கனி இரண்டு பெஞ்சை நாலாக்கினார். வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசி, மாஸ்டரை யாரும் தொந்தரவு செய்யக்கூடாது என்று முடிவெடுத்தார்கள். சீனிச்சாமி மூன்றாவது தடவை அரிவாளால் வெட்டியபோது சந்தையில் பாதிப் பேர்தான் திரும்பிப் பார்த்தார்கள். நாலாவது தடவை வயிற்றில் கம்பியைச் சொருகியபோது பிச்சைக்கனி டீ ஆற்றுகிற கையைக்கூட நிறுத்தவில்லை. "நாளைக்கு வந்துருவாரு" என்றார்.

கோமதி வந்தாள். தையல் பிரிக்காத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். அவளை மட்டும் அவர் அடிக்கவில்லை. தகடுகளைக் கீழே வைத்தார். அவள் அவருடைய கையைப் பிடித்து, "வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிட, குழந்தையைப் போலப் பின்னாலேயே வாசல்வரை வந்தார். வாசற்படியில் கால் எடுத்து வைக்க முடியாமல் நின்று, திரும்பிப் போய் மறுபடி தகட்டைக் கையில் எடுத்தார். மூன்று தடவை இழுத்துப் பார்த்தாள். மூன்றாவது தடவை தையல் விட்டு அவள் சேலையில் ரத்தம் படர்ந்தது.

"என்னக்கா ஆச்சு இவுகளுக்கு? கூடவே இருந்தவக நீங்கதான. சொல்லுங்க" என்று பூரணத்தாயைக் கேட்டாள்.

பூரணத்தாய் அவள் முகத்தைப் பார்க்காமல், "எனக்குத் தெரியலம்மா" என்றாள். தம்பி முகத்தைப் பார்த்தால் மூன்று வயதுப் பிள்ளை மாதிரிதான் தெரிந்தது.

வியாபாரம் படுத்துவிட்டது. ஊருக்கு லாபம், மெஸ்ஸுக்குப் பட்டினி. புது மாஸ்டரைக் கொண்டுவந்து பக்கத்தில் இன்னொரு கல் போட்டுவிட்டால் பழையவர் தானாக அடங்கிவிடுவார் என்று சீனிச்சாமி சொன்னான், அவளும் நம்பினாள். சுற்று வட்டாரத்தில் எந்த மாஸ்டரும் வர மறுத்ததால், வெளியூர் ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜென்சிகளைத் தேட ஆரம்பித்தாள்.

முதலில் பேசியது மதுரை ஏஜென்சிக்காரன். அவனுக்குக் குரல் மட்டும்தான் உண்டு, முகத்தை எவரும் பார்த்ததில்லை. "எத்தனை உருப்படி வேணும்?" என்று கேட்டான். "ரெண்டு" என்றாள். மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருத்தன் கல்லுக்கு எண்ணெய் தடவக் கையை நீட்டினான், தகடு இறங்கியது, மணிக்கட்டு கோணலாகத் தொங்கியது. இன்னொருத்தன் பையை எடுக்காமலே ஓடினான். திரும்பக் கூப்பிட்டபோது அந்த நம்பர் புழக்கத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது.

அடுத்தது சென்னை. கண்ணாடிக் கட்டடம், ஏழாவது மாடி, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய பையன்கள். அவர்கள் நீட்டிய படிவத்தில் நாற்பது கேள்விகள்: ஆளுக்கு என்ன வயது இருக்க வேண்டும், எத்தனை வகை குழம்பு தெரிய வேண்டும், மணிக்கு எத்தனை பரோட்டா போட வேண்டும், தாடி இருக்கலாமா. மெஸ்ஸைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. "ஆறு மாசம் கேரன்டி மேடம். ஆள் நிக்கலைன்னா அடுத்த ஆள், கேள்வியே கேக்க மாட்டோம்" என்றான் அங்கிருந்தவன். சொன்ன சொல் தவறவில்லை. முதலில் வந்தவனுக்குத் தாடை உடைந்தது, இரண்டாம் நாள் அடுத்தவன் வந்தான், அவனுக்கு விலா எலும்பு, அவனுக்கு அடுத்தவனுக்குக் காது பாதியாகப் போனது, நாலாவது ஆள் கொதிக்கிற சால்னாச் சட்டிக்குள் கையை ஊன்றி விழுந்தான், ஐந்தாவது ஆள் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஒவ்வொரு தடவையும் செல்போனில், "உங்கள் அடுத்த சமையல்காரர் புறப்பட்டுவிட்டார்" என்று செய்தி வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் அவர்களுக்கென்றே ஒரு வார்டு ஆகி, ஒடிசாவும் வங்காளமும் கேரளமும் ஆம்பூரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஊட்டிவிட்டுக்கொண்டு கிடந்தார்கள்.

பூரணத்தாய் தினமும் அவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனாள். ஒருநாள், தாடை உடைந்தவர் கட்டுக்குள்ளிருந்து, வார்த்தை வார்த்தையாக அவளிடம் சொன்னார்.

"திருநெல்வேலியில ஜெபக்கனின்னு ஒரு அம்மா இருக்காங்க. வண்ணார்பேட்டையில. அவங்களும் ஆள் அனுப்புறவங்கதான். அவங்ககிட்டப் போங்க."

"அவுக அனுப்புற ஆளு மட்டும் அடிபட மாட்டானா?"

"அவங்க உங்களுக்கு ஆளே தர மாட்டாங்க. எங்களுக்கு அதுதான் வேணும்."

ஆனாலும் அவள் போனாள். தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஜெபக்கனிக்கு அறுபது வயது இருக்கும். பள்ளிக்கூட விடுதிகளிலும் கல்யாண மண்டபங்களிலும் முப்பது வருஷம் சமைத்தவள், இரண்டு கையிலும் முழங்கை வரை எண்ணெய் பட்ட தழும்பு. படிவம் எதையும் நீட்டவில்லை. ஒரு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வி கேட்டாள்.

"முன்னால இருந்த மாஸ்டர் ஏன் போனாரு?"

"போகலை" என்றாள் பூரணத்தாய்.

"போகலைன்னா எதுக்கு வேற ஆளு?"

தம்பியின் பெயர் பூரணத்தாய்க்கு நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போனது.

"சொல்ல முடியலேன்னா இருக்கட்டும்" என்று ஜெபக்கனி நோட்டை மூடினாள். "நான் வந்து பாக்கேன். கடைசியா வேலை பாத்த ஆள்ட்ட நானே பேசாம ஒரு இடத்துக்கும் ஆள் அனுப்ப மாட்டேன். இது இன்னைக்கு நேத்து வச்ச வழக்கமில்ல."

புதன்கிழமை காலை வந்தாள். நேராகக் கல்லுக்குப் போகவில்லை. சமையல்காரர்கள் படுக்கிற இடம் எது என்று கேட்டு, வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் கிடந்த பாயைப் பார்த்தாள். கக்கூஸைத் திறந்து பார்த்தாள். புகை போகிற ஜன்னல் ஆணி அடித்து அடைக்கப்பட்டிருந்ததைத் தட்டிப் பார்த்தாள். ஊர் எதிர்ப்பக்கம் நின்று அவளையே பார்த்தது. அப்புறம் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஆவுடையப்பன் பக்கம் நடந்தாள்.

"போகாதீங்க" என்று பூரணத்தாய் கத்தினாள்.

தகடு இறங்கியது. ஜெபக்கனி முழங்கையைக் குறுக்கே கொடுத்து வாங்கினாள். இரண்டாவது அடியையும் வாங்கினாள். ரத்தம் சொட்டுகிற கையோடு கல்லு பக்கத்தில் குப்புறக் கிடந்த எண்ணெய் டின்னின் மேல் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, நானும் அடுப்புல நின்னவதான். எத்தன நாளா இங்க நிக்கீங்க?"

சத்தம் நின்றது. கோமதி வந்த நாளையும் சீனிச்சாமி அடித்த நாட்களையும் விட்டால், நாற்பத்தோரு நாளில் பகலில் அந்தச் சத்தம் நிற்பது அதுதான் முதல் தடவை. கண்மாய்க்கரையில் துணி துவைத்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், வகுப்பில் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள்.

"எட்டு நாளு கேட்டேன்" என்றார் ஆவுடையப்பன். குரல் மாவுப் புகையாக வந்தது. "எட்டே எட்டு நாளு."

"யாருட்ட கேட்டீங்க? என்ன சொன்னாவ?"

அவர் வாயைத் திறந்தார். சீனிச்சாமி அதற்குள் கறி வெட்டுகிற கத்தியோடு பாய்ந்துவிட்டான். எல்லோரும் பார்க்க, ஜெபக்கனியின் கைக்கு எட்டுகிற தூரத்தில், கழுத்தில் ஒன்று, நெஞ்சில் ஒன்று, விழுந்த பிறகு முகத்தில் ஒன்று. ஆவுடையப்பன் ஐந்தாவது தடவையாகச் செத்தார். எதிரே பிச்சைக்கனி டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கொன்னுட்டான்!" என்று ஜெபக்கனி அலறினாள். "ஐயோ, கொன்னுட்டானே! பாத்துக்கிட்டு நிக்கீங்களே, மனுசங்களா நீங்க!"

அந்த வார்த்தை தெருவில் கல் மாதிரி விழுந்தது. பிச்சைக்கனியின் கையிலிருந்து டம்ளர் நழுவியது. கூட்டத்தில் ஒரு பெண் தன் காதை மூடிக்கொண்டாள். யாரோ கூப்பிட்டு இன்ஸ்பெக்டர் வந்தார். தரையில் கிடந்ததைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"புதுசா வந்திருக்கீங்கம்மா, உங்களுக்குத் தெரியாது. காலையில எந்திரிச்சு வந்துருவான். முதல் நாள் நடந்ததைப் பாத்த ஆள் வந்து சொன்னாத்தான் நான் எழுத முடியும். அப்படி ஒரு ஆளும் இல்ல."

"இருக்கு" என்றாள் ஜெபக்கனி. அவள் பூரணத்தாயைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் ஊரும் பார்த்தது.

சீனிச்சாமி கையில் கத்தியோடு, முகமெல்லாம் வியர்வையோடு நின்றான். "அக்கா" என்றான், மெதுவாக. பூரணத்தாய்க்கு இடுப்பு கனத்தது. முப்பத்திநாலு வருஷமாக இறக்கி வைக்காத பாரம் அது. எத்தனை வீட்டு வாசலில் அதைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறாள், எத்தனை மூக்கு உடைந்ததை, எத்தனை பல் விழுந்ததைச் சின்னப் பயல் என்று சொல்லிக் கழுவி விட்டிருக்கிறாள். அவள் தரையில் கிடந்தவரைப் பார்த்தாள். கோமதியின் சேலையில் படர்ந்த ரத்தம் ஞாபகம் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து கட்டில்கள் ஞாபகம் வந்தன.

"அவரு செத்துப்போனாரு சார்" என்றாள். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. "வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணி. லீவு கேட்டாரு. நான் குடுக்கலை. என் தம்பி தகட்டால அடிச்சான். முதல் அடியிலயே விழுந்திருக்கணும், திரும்பிப் பாத்தாரு, அதனால முகத்துலயும் அடிச்சான். நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஷட்டரை இழுத்துவிட்டேன். தரையக் கழுவுனது நான். அந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொன்னதும் நான்தான்."

அவள் பேசப் பேச ஆவுடையப்பனின் காயங்களிலிருந்து ரத்தம் வர ஆரம்பித்தது. பிடரியிலிருந்தும் தோளிலிருந்தும் வயிற்றிலிருந்தும் கழுத்திலிருந்தும், நாற்பத்தோரு நாளாகத் தேங்கி நின்ற ரத்தமெல்லாம் ஒரே நேரத்தில் வழிந்து, அடுப்படியை நிறைத்து, சாப்பாட்டு மேஜைகளுக்கு அடியில் ஓடி, வாசற்படி தாண்டித் தார்ச்சாலையில் இறங்கியது. வந்த பஸ் நின்றது. பிச்சைக்கனி பெஞ்சின் மேல் காலைத் தூக்கிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். ஊரில் அத்தனை பேரும் கால் நனைந்து நின்றார்கள்.

சீனிச்சாமி அக்காவின் மேல் பாய்ந்தான். கத்தியை யாரோ தட்டிவிட்டதால் கையால் அடித்தான்; அவளுடைய முன்பல் இரண்டு போயின, மூக்கு உடைந்தது, கூந்தலைப் பிடித்துக் கல்லின் விளிம்பில் மோதினான். நாலு போலீஸ்காரர்கள் சேர்ந்து இழுக்க வேண்டியிருந்தது. ஜீப்பில் ஏற்றுகிற வரைக்கும், "நீதான வளத்த, நீதான வளத்த" என்று கத்திக்கொண்டே போனான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர் முழுக்க விழித்துக்கொண்டு கிடந்தது. சத்தம் வரவில்லை. கோமதியும் அவள் அண்ணன்மாரும் வந்து ஆவுடையப்பனை வாங்கிக்கொண்டு போனார்கள். இந்தத் தடவை வாசற்படி அவரைத் தடுக்கவில்லை. பிணவண்டிக்குப் பின்னால் நடந்த பூரணத்தாயை அண்ணன்மாரில் ஒருவன் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். அவள் ரோட்டில் விழுந்து, வண்டி கண்ணுக்கு மறைகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.

உண்மையை மறைத்ததற்காக அவள் பேரிலும் வழக்கு ஆனது. ரிமாண்டு, ஜாமீன், வாய்தா என்று நாலு மாதம் போயிற்று. ஆஸ்பத்திரியில் கிடந்த சமையல்காரர்கள் ஒவ்வொருவராக நொண்டிக்கொண்டும் கட்டுப் போட்டுக்கொண்டும் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தச் சிவப்பு கணுக்காலில் ஒட்டிக்கொண்டு எந்தச் சோப்புக்கும் போகவில்லை. ஆண்கள் வேட்டியை இறக்கிக் கட்டினார்கள், பெண்கள் கொலுசைத் தடிமனாகப் போட்டார்கள், அதையும் பழகிக்கொண்டார்கள். பூரணத்தாய் மெஸ்ஸைத் திறந்து, ஆணி அடித்த ஜன்னலைப் பிடுங்கி, படுக்கிற இடத்துக்குக் கட்டில் போட்டு, ஒரு காகிதத்தில் நடந்தது எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு மறுபடியும் வண்ணார்பேட்டைப் படி ஏறினாள்.

ஜெபக்கனி காகிதத்தைப் படித்தாள். கையில் தகடு பட்ட இடம் புதுத் தழும்பாக மின்னியது.

"ஆள் அனுப்புதேன். ஆனா ஒண்ணு. பஸ்ஸ விட்டு இறங்குத இடத்துலயே, பையக் கீழ வைக்கதுக்கு முன்னால, நடந்தது அத்தனையையும் உங்க வாயால சொல்லணும். கேட்டுட்டு வந்தா வரட்டும். போனா போட்டும்."

"யாரு வருவா?"

"அது உங்க பாடு."

முதலில் வந்தவர் பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டு எதிர்ப் பஸ்ஸில் ஏறிவிட்டார். இரண்டாவது ஆள் முழுக்கக் கேட்டார், வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனார், வரவில்லை. மூன்றாவது ஆள் அவளுக்காக அழுதார், அழுதுவிட்டு அவரும் போனார். ஒவ்வொரு தடவையும் சொல்லச் சொல்ல அவளுக்குச் சொல் குறைந்துகொண்டே வந்தது. நான் குடுக்கலை, நான் பாத்தேன், நான் இழுத்துவிட்டேன் என்று மூன்று வாக்கியத்தில் வந்து நின்றது.

நாலாவதாக வந்தது ஒரு பெண். பெயர் மாசானம், அம்பாசமுத்திரம் பக்கம். இருபது வருஷம் மாவு வீசி வீசித் தோள் இரண்டும் ஆண்பிள்ளைத் தோளாகியிருந்தன. சந்தை நாள், பஸ் ஸ்டாண்டில் கூட்டம். பூரணத்தாய் சொல்லி முடித்தாள். மாசானம் தோளில் தொங்கிய பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை ஓங்கி, பூரணத்தாயின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அந்தச் சத்தத்துக்குப் புறப்பட்ட பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கண்டக்டர் இறங்கிவந்தார். கருப்பட்டி விற்கிறவர் எழுந்து நின்றார். யாரும் அன்றைக்குப் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

பூரணத்தாய்க்குக் காது இரைந்தது. உடைந்த பல்லின் ஓரம் உதட்டில் குத்தி ரத்தம் கசிந்தது. துடைக்காமல் நின்றாள். எதிர்ப் பஸ் ஹாரன் அடித்தது.

"கல்லு எந்தப் பக்கம்?" என்றாள் மாசானம்.

பூரணத்தாய் கையைக் காட்டினாள். பிறகு அவளுடைய பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். மாசானம் பையைக் கொடுக்காமல், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.